மதகுக் கல்லில் ஒரு காலண்டர்காரி

இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த காலண்டரில் ஒரு வழுக்கைத் தலை சிரிக்கிறது. நகைக்குக் கடன் கொடுக்கிற ஏதோ ஒரு கம்பெனியின் முதலாளியாம். கோட்டும் டையுமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். என் மனைவி அவரைக் கொண்டுபோய்ச் சரியாக என் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டாள்.

“வேற எடத்துல மாட்டக் கூடாதா? காலையில கண்ணத் தொறந்தா இந்தாளு மூஞ்சிதான்.”

“இத்தன வருஷமா நான் கண்ணத் தொறந்தா இன்னாத்த பாத்துக்கினு கீறேன்னு நெனச்சீங்க?”

அது கிடக்கட்டும். மாட்டுவதற்கு முன்னால் அந்தக் காலண்டரின் ரப்பர் வளையத்தைக் கழற்றி விரித்தபோது குப்பென்று ஒரு மை வாசனை வந்தது பாருங்கள், அது என்னை நேராக ராசு சலூனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. புது மை, படிகாரம், பவுடர், ஈரத் துண்டு எல்லாம் கலந்த வாசனை. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டு மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சில வருஷம் ஆகியிருந்த காலம். எனக்கு அப்போது அரும்பு மீசை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்கு ஒரு துயரக் கதை உண்டு.

எங்கள் ஊர் பாகூர்க் கடைத்தெருவில் இருந்தது ராசு சலூன். சலூன் என்றால் ஒரு சாய்வு நாற்காலி, எதிரெதிராக இரண்டு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் உட்கார்ந்தால் உங்கள் முகமும் பின்மண்டையும் மாறி மாறி, முடிவே இல்லாமல் வரிசையாகத் தெரியும். எனக்கு அழகு கொஞ்சம் குறைவு என்பதை நான் அறிந்தது அங்கேதான். அதுவும் மொத்த வியாபாரத்தில்.

சுவர் முழுக்க வெள்ளைக்காரிகள். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய சொல்தா ஒருவர் (பட்டாளத்தாரை எங்கள் பக்கம் சொல்தா என்போம்) தன் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்த படங்கள் அவை. பெட்டியை அவர் மனைவி ஒருநாள் திறந்துவிட்டதால், படங்கள் அவசரமாகக் கிளம்பி ராசு சலூனில் வந்து தஞ்சம் புகுந்தன. நீச்சல் உடையில் ஒருத்தி பந்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஒருத்தி ஏணியில் ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். இன்னொருத்தி ஒரு நாய்க்குட்டியிடம் சேலை மாதிரி ஏதோ ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு ‘அடடா’ என்று வாயைக் குவித்திருந்தாள். எந்தப் படத்திலும் யாரும் எந்த வேலையையும் முடித்த மாதிரித் தெரியாது. ஏணியில் ஏறுகிறவள் எதற்காக ஏறுகிறாள் என்று நாங்கள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

ஊரில் பெரிய மனிதர் யாராவது உள்ளே வந்தால், ராசு அண்ணன் மேலே கட்டியிருந்த துண்டை இழுத்துவிடுவார். நாடகத் திரை மாதிரி அது வெள்ளைக்காரிகளை மறைத்துவிடும். “காத்தே இல்லியே ராசு, அந்தத் துண்ட கொஞ்சம் தூக்கி வுடேன்” என்று அந்தப் பெரிய மனிதரே கேட்டதும் உண்டு.

இந்த வெள்ளைக்காரிகள் எல்லோரையும் ஒரே நாளில் செல்லாக்காசு ஆக்கினாள் ஒருத்தி. புதுச்சேரியில் இருந்த ஒரு கலர் கம்பெனி அந்த வருஷப் பொங்கலுக்கு முன்னால் சலூன், டீக்கடை, சாராயக்கடை என்று எல்லா இடத்துக்கும் காலண்டர் கொடுத்தது. கலர் என்றால் வேறொன்றுமில்லை, சோடாவில் சாயமும் சர்க்கரையும் போட்டு பாட்டிலில் அடைத்தது. காலண்டர் படத்தில் ஓர் ஏரி. மதகுக் கல்லில் ஒரு காலைத் தூக்கி வைத்து, சேலையைக் கொஞ்சம் ஏற்றிச் செருகி, தோளில் தோகையோடு ஒரு முழுக் கரும்பைச் சாய்த்து, முதுகைக் காட்டி நிற்கிற ஒரு பெண். முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பிச் சிரிக்கிறாள். நிறம் ரோஜாப்பூ. சேலை பட்டு. மேல் வரிசையில் ஒரே ஒரு தெத்துப்பல். தண்ணீரில் இரண்டு அன்னங்கள். அதற்கும் பின்னால், ஓவியருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, ஒரு பனிமலை.

“காஷ்மீர்” என்று தீர்ப்புச் சொன்னான் என் சிநேகிதன் செல்வராசு.

“காஷ்மீர்ல ஏதுடா கரும்பு?”

“கரும்பு வெளியூர்லேர்ந்து வரவழச்சிருப்பாங்க.”

நான் அந்தத் தெத்துப்பல்லின் மேல் ஒரு கவிதை எழுதினேன். வரிசையில் நிற்க மறுத்த நட்சத்திரமே என்று ஆரம்பிக்கும். செல்வராசு முழுக்கக் கேட்டுவிட்டு, “இத்த ஒரு பல் டாக்டருக்கு அனுப்புடா, பிரயோஜனப்படும்” என்றான். ஆனாலும் அவனும் என்னைப்போலவே மயங்கித்தான் கிடந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சைக்கிளை மிதித்துக்கொண்டு புதுச்சேரிக்கே போய்விட்டோம், அவளைத் தேடி. கலர் கம்பெனி பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்பது கடற்கரை வரைக்கும் போய், தெத்துப்பல் இருக்கிறதா என்று எதிரில் வந்த பெண்களின் வாயையெல்லாம் பார்த்து, ஓர் அம்மாளிடம் திட்டு வாங்கிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

திரும்பும்போது பாகூர் எல்லையில் செல்வராசுவின் டயர் பஞ்சர். உருட்டிக்கொண்டு வந்தோம். எதிரே தலையில் புல்கட்டோடு அஞ்சலை வந்தாள்.

அஞ்சலை எங்கள் கரும்புக் கொல்லையில் வெட்டு வேலைக்கு வருகிறவள். என்னைவிடச் சில வயது மூத்தவள். நல்ல கறுப்பு. வாயும் அதற்கேற்ற கூர்மை. தினமும் பார்க்கிற ஆள்தான். ‘பார்க்கிற’ என்று எழுதிவிட்டேன், அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் அதிகம் என்பது போகப் போக உங்களுக்கே தெரியும்.

“இன்னா சின்னய்யா, மூஞ்சியெல்லாம் வெந்து போய்க் கீது? எங்க போய்ட்டு வர்றீங்க?”

“காலண்டர்ல ஒரு பொண்ணு கீதே, அத்தத் தேடிக்கினு போனோம்” என்றான் செல்வராசு.

அவள் புல்கட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கலர் கம்பெனி காலண்டரா? அது நான்தான்.”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். செல்வராசுவுக்குப் புரையேறிவிட்டது. அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள், எதிரிலேயே நின்று, அதே பல் தெரிய. மேற்கு வெயிலில் கண் கூசியது என்று இன்றைக்கு வேண்டுமானால் நான் சாக்குச் சொல்லலாம்.

நடந்தது இதுதான். முந்தைய வருஷம் ஒருநாள் மத்தியானம், வெட்டுக்காரர்கள் எல்லோரும் கஞ்சி குடிக்கப் போயிருந்த நேரம், அஞ்சலை காலைக் கழுவிக்கொள்ள மதகுக்கு வந்தாள். புதுச்சேரியிலிருந்து வந்த தொப்பிக்கார ஓவியர் ஒருவர் அங்கே உட்கார்ந்து ஏரியை வரைந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே நிற்கச் சொன்னார். அவள் அதை அந்த வருஷம் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வாள்: “நில்லுன்னாரு, நின்னேன். கால் மரத்துப் போச்சி. அப்பறம் சிரின்னாரு. சும்மா எப்பிடிய்யா சிரிக்கிறது? அந்த நேரம் பாத்து அவரு தொப்பி காத்துல பறந்து தண்ணியில வுழுந்துச்சி. சிரிச்சிட்டேன்.”

இதற்குச் சாட்சி யார் என்று கேட்டால், மதகடியில் படுத்திருந்த ஓர் எருமை. ஊர் எருமையை விசாரிக்கவில்லை, அவளையும் நம்பவில்லை. வெட்டுக்காரப் பெண்களே “ஏண்டி தெத்துப்பல்லி, உன் மூஞ்சிய ஏரித் தண்ணியிலயாவது பாத்துக் கீறியா?” என்று கேலி செய்தார்கள். ‘காலண்டர்காரி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதையெல்லாம் அவள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒரே ஓர் ஆள் நம்பினால் போதும். அந்த ஆள்தான் நம்பவில்லை.

அவள் புருஷன் குப்புசாமி ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிறவன். நல்ல உழைப்பாளி, அதிகம் பேச மாட்டான். அவனுக்கும் அந்தக் காலண்டரின் மேல் தீராத மோகம். எங்கோ ஒரு கடையில் கெஞ்சி ஒன்று வாங்கிவந்து, தான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டியிருந்தான். கஞ்சியைக் குடித்துக்கொண்டே படத்தைப் பார்ப்பான். “பொண்ணுன்னா இப்பிடிச் சிரிக்கணும்” என்பான்.

“அது நான்தான்யா.”

“ஆமா, நான்தான் கவர்னரு.”

யோசித்துப் பாருங்கள். கட்டின புருஷன் வேறொருத்தியை நினைத்து ஏங்கினால் சண்டை போடலாம், தாய்வீட்டுக்குப் போகலாம். தன்னை நினைத்தே ஏங்குகிறவனிடம் என்ன செய்வது? ஒரு காலை கஞ்சியில் உப்பு தூக்கலாகிவிட்டது. குப்புசாமி கலயத்தைத் தள்ளி வைத்துவிட்டு, படத்தைக் கையால் காட்டி, “நீ இவ கால் தூசிக்கு ஆவ மாட்ட” என்று சொல்லிவிட்டு எழுந்து, வண்டியைப் பூட்டிக்கொண்டு சலூனுக்கு வந்துவிட்டான்.

இங்கேதான் என் மீசை வருகிறது. அன்றைக்கு நாற்காலியில் நான். மாதக்கணக்கில் விளக்கெண்ணெய் தடவி வளர்த்த மீசையை ஓரம் மட்டும் ஒதுக்கச் சொல்லியிருந்தேன். கன்னம் முழுக்க நுரை. பெஞ்சில் குப்புசாமியும் செல்வராசுவும் இன்னும் சிலரும் வரிசைக்குக் காத்திருந்தார்கள். வாசலில் வெளிச்சம் மறைந்தது. பார்த்தால் அஞ்சலை. பெண்கள் யாரும் சலூன் படி ஏறாத காலம் அது. ராசு அண்ணன் பதறிப்போய் வெள்ளைக்காரிகளின் துண்டை இழுத்துவிட்டார்.

“இன்னாம்மா இது, ஆம்பளைங்க கீற எடத்துல...”

“கொஞ்சம் ஒதுங்குண்ணே.”

வெளியே நின்ற புருஷனின் வண்டியிலிருந்து ஒரு கரும்பை உருவிக் கையில் கொண்டுவந்திருந்தாள். சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கிற மரப்பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டாள். காலண்டருக்கு நேர் கீழே நின்று, பெட்டிமேல் ஒரு காலை வைத்து, கரும்பைத் தோளில் சாய்த்து, முதுகைக் காட்டி நின்று, முகத்தை மட்டும் புருஷன் பக்கம் திருப்பினாள்.

எல்லாம் படத்தில் இருந்த மாதிரியே இருந்தது, ஒன்றைத் தவிர. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? கண்ணில் நெருப்பு, உதடு துடிக்கிறது. பெஞ்சில் இருந்தவர்கள் படத்தையும் அவளையும் பார்த்தார்கள். “நிக்கறதெல்லாம் யாரு வேணா நிக்கலாம்” என்று ஒருவர் முணுமுணுத்தார். குப்புசாமி தலையைக் குனிந்துகொண்டு, “வூட்டுக்குப் போடி, மானம் போவுது” என்றான். அவள் கால் பெட்டியிலிருந்து இறங்கப் போனது.

இந்த இடத்தில் ராசு அண்ணன் ஒரு காரியம் செய்தார். வாயைப் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டு, கையை மட்டும் பழக்கத்தில் ஓட்டிவிட்டார். சரக்கென்று என் மீசையில் பாதி போய்விட்டது. “ஐயோ” என்று நான் திரும்பினேன். ஒரு பக்கம் நுரை, ஒரு பக்கம் அரை மீசை, நடுவில் திறந்த வாய். அதை அஞ்சலை பார்த்தாள்.

சிரித்தாள் பாருங்கள். கரும்பு குலுங்கக் குலுங்க, தெத்துப்பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் தலைக்கு மேலே, சுவரில், அதே சிரிப்பு. ஓவியருக்குத் தொப்பி பறந்தது, எனக்கு மீசை. கலையுலகத்துக்கு நான் செய்த தொண்டு இது ஒன்றுதான்.

குப்புசாமி எழுந்தான். படத்தைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

“எறக்குடா ராசு.”

“எத்தண்ணே?”

“எம் பொண்டாட்டிய.”

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குப்புசாமிக்கு அதுவரை யாரோ ஒரு காஷ்மீர்க்காரி. இப்போது கரியமாணிக்கம் முதல் உறுவையாறு வரைக்கும் ஊருக்கு ஊர், சுவருக்குச் சுவர் தன் சொந்தப் பெண்டாட்டி தொங்குகிறாள். ஆலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் வண்டியை நிறுத்தி, கடை கடையாக ஏறி, காலண்டர்களைக் கழற்றிச் சுருட்டிக் கொண்டுவந்தான். பாகூர்க் கடைத்தெருவில் சிலர், தேதி பார்க்க வேண்டுமே, தரமாட்டோம் என்றார்கள். ஆனாலும் அவர்களுக்கே கூச்சம். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டார்கள். தேதியும் சேர்ந்து சுவரைப் பார்த்தது. கடைத்தெருவில் யாருக்கும் அன்றைக்கு என்ன கிழமை என்று தெரியவில்லை. ஜோசியரே ராசு அண்ணனிடம் வந்து விசாரித்துக்கொண்டு போனார். அஞ்சலை தெருவில் வந்தால், ஆறு மாதமாகச் சுவரில் அவளைப் பார்த்து உருகியவர்கள் எல்லோரும் தரையில் எதையோ தொலைத்த மாதிரி குனிந்துகொண்டார்கள்.

என் வீட்டு நிலவரம் தனி. மீதிப் பாதி மீசையையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. மீசை இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்த என்னைப் பார்த்து, யார் செத்தது என்று அம்மா அலறினார். அப்பா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து நான் குப்புசாமி வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று நீங்கள் கேட்காமல் இருந்தால் நல்லது. சுருட்டி வைத்ததில் எனக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்கத்தான். உள்ளே அஞ்சலையின் குரல் தெருவுக்குக் கேட்டது.

“நீ நம்பணும்னுதான்யா அத்தினி ஆம்பளைங்க நடுவுல போய் நின்னேன். சுருட்டி மூலையில நிக்க வைக்கிறதுக்கா?”

“ஊர்ல கண்ட பயலும் பாக்கறான்டி.”

“எங்க பாக்கறான்? முன்ன படத்தப் பாத்தானுங்க, என்னப் பாக்கல. இப்ப ரெண்டையும் பாக்கறதில்ல. நான் இன்னா திருடிட்டா வந்தேன்? வண்டியப் பூட்டு. எங்கெங்க எடுத்தியோ அங்கங்க திருப்பி மாட்டணும்.”

வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள். காலண்டர் கேட்க வந்த நான், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவைத்தேன்.

“வா தம்பி. சுத்தி புடிச்சிக்கோ, ஆணி அடிக்க ஆள் வேணும்” என்றாள். அன்றுவரை சின்னய்யா. அன்றைக்குத்தான் தம்பி. நானும் “சரிக்கா” என்று ஏறிவிட்டேன். மீசையே போன பிறகு இனி என்ன.

எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் ஊர்வலம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. கடைக்குக் கடை வண்டி நிற்கும். அஞ்சலைக்கா இறங்கிப்போய்க் காலண்டரை விரித்துக் கொடுப்பாள். நான் ஆணி அடிப்பேன். பாதி என் விரலில். கடைக்காரர் படத்தைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், மரியாதையாக வேறெங்கோ பார்க்கப் போவார். “நல்லாப் பாத்துக்கோ, நான்தான்” என்பாள் அவள். குப்புசாமி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கரியமாணிக்கம் டீக்கடையில் ஒரு பெரியவர், நல்ல மனசோடுதான் கேட்டார்: “நெசமாவே நீதானாம்மா? படத்துல இன்னும் கொஞ்சம் செவப்பா, லட்சணமா கீற மாதிரித் தெரியுது.”

அஞ்சலைக்காவின் முகம் ஒரு நொடி சுருங்கியது. வண்டி அசைந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். குப்புசாமி இறங்கி வந்துகொண்டிருந்தான். காலண்டரை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முதல் தடவை பார்ப்பவன் போல நிதானமாகப் பார்த்தான்.

“யோவ் பெரியவரே, இத்த எழுதனவனுக்குக் கண்ணே செரியில்ல. ரோஸ் பவுடர அப்பி மூஞ்சியவே கெடுத்து வுட்டுட்டான். எம் பொண்டாட்டிய ஒழுங்காப் பாரு. படத்துல கீறவ இவ கால் தூசிக்கு ஆவ மாட்டா.”

பெரியவர் பார்த்தார். டீ ஆற்றுகிறவர் பார்த்தார். பெஞ்சில் இருந்த எல்லோரும், இந்த முறை குனியாமல், பார்த்தார்கள். அஞ்சலைக்கா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. “பேச்ச வுட்டுட்டு வண்டிய ஓட்டு, இருட்டிக்கினு வருது” என்றாள். இருட்டவெல்லாம் இல்லை. நல்ல வெயில். திரும்பும்போது அவள் முன்னால் குப்புசாமிக்குப் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால், வந்த வழியைப் பார்த்தபடி, சுத்தியை மடியில் வைத்துக்கொண்டு, காது இல்லாதவன் மாதிரி வந்தேன்.

வருஷம் முடிந்ததும் காலண்டரில் இருந்தவள் எங்கெங்கோ போய்விட்டாள். புத்தகத்துக்கு அட்டையானாள். தானியப் பானைக்கு மூடியானாள். சலூனில் அவளுக்குப் பிறகு மாட்டிய எந்தக் காலண்டரையும் பார்த்துச் செல்வராசு ‘காஷ்மீர்’ என்று ஊர் சொல்லவில்லை. பிறகு காலண்டர்களில் பெண்களே நின்றுபோய் கட்டடங்கள் வந்தன, கட்டடங்கள் போய் முதலாளிகள் வந்துவிட்டார்கள். ராசு சலூன் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மதகைச் சிமெண்டில் கட்டிவிட்டார்கள், கால் வைக்க அந்தக் கல் இல்லை. கலர் கம்பெனி எப்போது மூடியது என்று கேட்கக்கூட ஆள் இல்லை. குப்புசாமி போய்ச்சேர்ந்துவிட்டான், கொஞ்ச நாளில் அஞ்சலைக்காவும்.

வழுக்கைத் தலை காலண்டர் வந்த வாரம், மனசு கேட்காமல் பஸ் ஏறி வில்லியனூருக்குப் போனேன். அவர்கள் மகன் அங்கே தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறான். உட்கார வைத்து, ஒரு கேனையே திறந்து தண்ணீர் கொடுத்தான். அம்மா படம் போட்ட பழைய காலண்டர் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று கேட்டேன்.

“எங்கம்மாவா? காலண்டர்லயா?” என்றான். “அவங்க போட்டோ ஒண்ணுகூட இல்லீங்களே மாமா. ரேஷன் கார்டுக்கு எடுத்ததும் தொலஞ்சி போச்சி.”

எல்லாவற்றையும் சொன்னேன். மதகு, தொப்பி, எருமை, சலூன், கரும்பு, என் மீசை, கரியமாணிக்கத்தில் அவன் அப்பா சொன்ன வார்த்தை, எல்லாம். ஒரு வருஷம் முழுக்க இந்தப் பக்கத்துக் கடை எல்லாவற்றிலும் உங்கள் அம்மாதான் சிரித்துக்கொண்டிருந்தார் என்றேன். கேன் எடுக்க வந்தவர்கள் கூட நின்று கேட்டார்கள். அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடைசியில் என் தோளில் தட்டி, “அப்பா அப்பவே சொல்வாரு, பாகூர்ல உங்கள மாதிரி தமாஷ் பண்ண ஆள் கெடையாதுன்னு” என்றான்.

ஆயுள் முழுக்க ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டு திரிந்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு. “இல்லடா தம்பி, சத்தியமா” என்றேன். அதற்கு அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இனி அஞ்சலைக்காவே நேரில் வந்து நின்றால்தான் உண்டு.